மரத்தூள் எங்கே போகிறது?

ஒரு மீட்டர் நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பலகை ஒன்று. பட்டைகளை ஒட்டிச் சேர்த்துச் செய்தது. பசை காய்ந்தபின் இணைப்புகளில் விரலை ஓட்டினால் மேடுபள்ளம் தட்டுப்படுகிறது. அதை டிரம் சாண்டரில் விட்டு, ஒரு பக்கத்தில் 0.4 மி.மீ. மட்டும் தேய்த்து எடுக்கிறோம். வெளியே வரும் பலகையைப் பார்த்தால் எதுவும் குறைந்ததாகவே தெரியாது. கணக்கு வேறு சொல்கிறது. 120 கன சென்டிமீட்டர் மரம் போய்விட்டது. நடுத்தரக் கனமுள்ள மரமென்றால் சுமார் 78 கிராம்.

அந்த 78 கிராமும் எங்கே போனது? பெரும்பகுதி உறிஞ்சுகுழாய் வழியே பைக்குள் போயிருக்கும். கொஞ்சம் தரையில் கிடக்கும். மீதி காற்றில் இருக்கிறது. 5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று ஒரு வீட்டுப் பட்டறையை எடுத்துக்கொண்டால் அதற்குள் 60 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டர் காற்றில் மரத்தூள் 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. கடின மரத் தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் வைத்திருக்கும் வரம்பு 2 மில்லிகிராம். கடுமையான கணக்கையே வைத்துக்கொண்டால், நம் பட்டறைக் காற்று மொத்தமும் தாங்கக்கூடியது 60 மில்லிகிராம். 78 கிராமில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆயிரத்துக்கு 999 பங்கைப் பிடித்துவிட்ட ஓர் உறிஞ்சு இயந்திரத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தப்பிய அந்த ஒரு பங்கு காற்றில் மிதந்தால் வரம்பு தாண்டிவிடும். இந்த வரம்புகள் வேலைநேரம் முழுவதற்குமான சராசரி என்பதையும், தப்பியதில் கனமானவை சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பலகை ஓட்டியதற்காக யாரும் பதறத் தேவையில்லை. ஆனால் மேசைப்பலகை ஒன்றை முடிக்க இரண்டு பக்கமும் பலமுறை ஓட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதே அறையில்தான் நிற்கிறோம்.

டிரம் சாண்டர் எளிமையான இயந்திரம். சுமார் 125 மி.மீ. குறுக்களவுள்ள அலுமினிய உருளை ஒன்று. அதன்மேல் சுருளாகச் சுற்றிய உப்புத்தாள். கீழே ஓடும் பட்டை பலகையை உள்ளே இழுத்துச் செல்கிறது. வீட்டுப் பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு பக்கம் திறந்த வகை. 16 அங்குல உருளையில் பலகையின் ஒரு பாதியை ஓட்டிவிட்டு, திருப்பி மறுபாதியை ஓட்டினால் 32 அங்குலம் வரை சமாளிக்கலாம். உருளை நிமிடத்துக்கு 1,725 சுற்று சுற்றினால் தாளின் வேகம் நொடிக்கு 11 மீட்டர், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர். பலகை நகர்வதோ நிமிடத்துக்கு அதிகபட்சம் 3 மீட்டர். உருளை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் பலகை 2 மி.மீ.கூட முன்னேறாது. ஒரே இடத்தைத் தாளிலுள்ள ஆயிரக்கணக்கான மணிகள் கீறிவிட்டுப் போகின்றன.

இதை வாங்கியவர்கள் முதல் மாதத்தில் செய்வது, பிளேனருக்கு வைத்த வேலையை இதற்குக் கொடுப்பது. தடிமனைக் குறைக்கும் இயந்திரம் அல்ல இது. 80 நம்பர் தாளில் ஒரு தடவைக்கு 0.4 மி.மீ. என்பதே ஏறக்குறைய உச்சம். 150, 180 நம்பர் தாள்களில் உருளை பலகையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பேராசைப்பட்டுக் கைப்பிடியை இன்னும் கால் சுற்றுத் திருகினால் பலகையில் பழுப்பு நிறக் கோடு ஒன்று நீளமாக விழும். பைன், செர்ரி போன்ற மரங்களில் இது அடிக்கடி நடக்கும். தாளின் ஓரிடத்தில் பிசினும் தூளும் சூட்டில் இளகி, மணிகளுக்கிடையே அடைத்துக்கொண்டு, மேடாக எழும்பி நிற்கும். அந்த மேடு வெட்டாது; உரசும். உரசினால் சூடு; சூட்டில் இன்னும் பிசின். ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. ஓடும் உருளையில் க்ரேப் ரப்பர் கட்டியைப் பிடித்து அடைப்பை உரித்தெடுக்கலாம். பலகையைச் சற்றே சாய்த்து உள்ளே விடுவதும் பயன் தரும்: பசைக்கோடு உருளையின் ஒரே இடத்தில் போய்ப் போய் உரசாமல், அகலம் முழுவதும் பரவிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தூள் உண்டாகும் கணத்திலேயே அதை அங்கிருந்து அகற்றுவது. உறிஞ்சு இயந்திரத்தைப் பலரும் நுரையீரலுக்கான செலவு என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். அது இல்லாவிட்டால் முதலில் கெடுவது தாள்.

இழைப்புளியும் மரத்தைத்தான் எடுக்கிறது. அதிலிருந்து நீளமான சீவல் சுருண்டு வரும், அறை மணக்கும், தும்மல் வராது. தேய்ப்பில் மட்டும் ஏன் புகைபோல் எழுகிறது? இழைப்புளியின் அலகு கூரான ஓர் ஆப்பு. நார்களுக்கிடையே நுழைந்து அவற்றைத் தூக்கிப் பிரிக்கிறது. உப்புத்தாளின் மணிக்கு அப்படிப்பட்ட கூர்முனை கிடையாது. வெட்டுகிற திசைக்கு எதிராகச் சாய்ந்த மொட்டை முகத்தோடு மரத்தை உழுதுகொண்டு போகிறது. 80 நம்பர் தாளின் மணி சுமார் 0.2 மி.மீ.; 220 நம்பரில் 0.07 மி.மீ., தலைமுடியின் தடிமன். மரத்தின் பக்கம் பார்த்தால், பைன் போன்ற மரங்களில் ஒரு செல்லின் அகலம் 30 முதல் 40 மைக்ரான். கடின மரங்களின் நார்ச்செல் சுமார் 20 மைக்ரான். செல்சுவரின் தடிமன் சில மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, சீவலில் செல்கள் வரிசை கலையாமல் வெளியே வருகின்றன. தேய்ப்பில் அவற்றின் சுவர்களே நொறுங்குகின்றன. பட்டறைக் காற்றில் மிதப்பது மரத்தின் சிறு துண்டு என்று சொல்வதுகூடப் போதாது. ஒரு செல்லின் உடைந்த சுவர் அது.

இப்படி எத்தனை உடைகின்றன? நம் 120 கன சென்டிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் 5 மைக்ரான் உருண்டைகளாக மாறியது என்று வைத்துக் கணக்கிட்டால் 1,800 கோடிக்கு மேல் வருகிறது. உண்மையில் அவை உருண்டையும் அல்ல, ஒரே அளவும் அல்ல. இருந்தாலும் எண்ணிக்கையின் தரம் இதுதான்.

இவை கீழே விழும் வேகம் சின்ன வயதில் படித்த பௌதிகத்துக்கு மாறாகத் தோன்றும். வெற்றிடத்தில்தான் எல்லாம் ஒரே வேகத்தில் விழும். காற்றில், நுண்துகளின் குறுக்களவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் விழும் வேகம் ஏறக்குறைய நூற்றில் ஒன்றாகிவிடும். மூக்கின் உயரமான ஒன்றரை மீட்டரிலிருந்து 100 மைக்ரான் துகள் தரைக்கு வர ஆறேழு நொடி. 10 மைக்ரான் துகளுக்கு எட்டு நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கு அசைவற்ற காற்றில் சுமார் 12 மணி நேரம். மனிதர் நடமாடும் அறையில் அசைவற்ற காற்று ஏது? வேலை முடித்து முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கிறோமே, அந்த நேரத்தில்தான் காற்றில் நுண்தூள் நிறைந்திருக்கும். துடைப்பம், விழுந்து கிடப்பதையும் எழுப்பிச் சேர்த்துவிடும். பட்டறையிலிருந்து ஒரே ஒரு பொருளை வெளியே எறியச் சொன்னால் நான் துடைப்பத்தைத்தான் எறிவேன்.

மிதப்பதைப் பார்க்க ஒரு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, ஒளிக்கற்றையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெறும் காற்று என்று நினைத்த இடம் வெள்ளையாகக் கலங்கித் தெரியும். 1870-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டின்டால் இதைத்தான் கூட்டத்துக்குக் காட்டினார். ஒளிக்கற்றைக்குக் கீழே சாராய விளக்கின் சுடரை வைத்தார். அந்த இடத்தில் தூசி காணாமல்போய், கற்றைக்கு நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தோன்றியது. மிதக்கும் தூசியில் பெரும்பகுதி எரியக்கூடிய கரிமப் பொருள் என்பது அவர் முடிவு. பின்னர் அவர் தீயணைப்பு வீரர்களுக்காகப் பஞ்சும் கரியும் வைத்த சுவாசக் கவசமும் செய்தார். தொழிற்சாலை ஆய்வாளர்கள் தூசியைப் படம்பிடிக்கப் பயன்படுத்தும் விளக்கு முறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

மரத்தூள் வெறும் தொல்லை அல்ல என்று உலகம் உணர்ந்தது இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற ஊரிலிருந்து. லண்டனுக்கு வடமேற்கே, சில்டர்ன் குன்றுகளின் பீச் மரக்காடுகளை ஒட்டியுள்ள அந்த ஊர் நாற்காலிக்குப் பெயர்போனது. விண்ட்சர் நாற்காலிகள் அங்கிருந்துதான் வண்டி வண்டியாகப் போயின. 1960-களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் ஒன்றைக் கவனித்தார். மூக்கின் உள்ளறைகளில் வரும் ஒருவகைப் புற்றுநோய், ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம் என்னும்படி அரிதானது, அவரிடம் திரும்பத் திரும்ப வந்தது. வந்தவர்கள் நாற்காலித் தொழிலாளர்கள். நோய்ப்பரவலியல் அறிஞர் டொனால்ட் ஆச்செசனும் அவரும் சக மருத்துவர்களும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக அந்த நோய் மரத் தொழிலாளர்களைத் தாக்கியிருந்தது. வார்னிஷ் அடித்தவர்களைவிட, இயந்திரங்களில் தூளோடு புழங்கியவர்களிடமே அது குவிந்திருந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் அதைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. 1995-ல் வெளிவந்த ஆய்வுத் தொகுதியில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் வகுப்பில் வைத்தது.

அந்த வகுப்பில் புகையிலையும் கல்நாரும் இருக்கின்றன என்று சொல்லிப் பயமுறுத்துவது சுலபம். வகுப்பு காட்டுவது சான்று எவ்வளவு உறுதியானது என்பதை; ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. ஹை விக்கம் தொழிலாளர்கள் பல ஆண்டுகள், நாள் முழுக்க, உறிஞ்சுவசதி இல்லாத கூடங்களில் ஓக், பீச் தூளைச் சுவாசித்தவர்கள். நோய் வெளிப்பட சராசரியாக 40 ஆண்டுகள் பிடித்தன. வார இறுதித் தச்சரை அவர்களோடு ஒப்பிட முடியாது.

ஆனால் அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொன்று. தூசி என்றதும் நாம் நுரையீரலைத்தான் நினைக்கிறோம், 2.5 மைக்ரானுக்குக் கீழே, 4 மைக்ரானுக்குக் கீழே என்று நுண்மையானதையே அஞ்சுகிறோம். ஹை விக்கத்தில் கேடு செய்தது நுரையீரல்வரை போன தூளல்ல. சற்றுப் பெரிய துகள்களை மூக்கு தன் வேலைப்படியே பிடித்து நிறுத்தியது. அவை அங்கேயே, ஈரச் சவ்வின்மேல், நெடுநேரம் தங்கின. நுண்தூளுக்கு மட்டும் அஞ்சிப் பெருந்தூளை அலட்சியம் செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மரம் மாறினால் தொல்லையும் மாறும். தேக்கிலுள்ள லபச்சால் வகைச் சேர்மங்களும் ஈட்டியிலுள்ள டால்பெர்ஜியோன்களும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் தரும். பூச்சி அரிக்காமல் மரத்தைக் காக்கும் ரசாயனங்கள் பல இந்த ரகம்தான். வட அமெரிக்காவின் மேற்குக் கரை ரம்ப ஆலைகளில் வெஸ்டர்ன் ரெட் சிடார் அறுப்பவர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்குக் காரணம் பிளிகாட்டிக் அமிலம்.

சரி, பிடிப்பது எப்படி? முதலில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஒரு சாண் தள்ளி வைத்து ஊதுங்கள், அணையும். அங்கிருந்தே காற்றை உள்ளிழுத்து அணைக்கப் பாருங்கள்; சுடர் அசையக்கூட யோசிக்கும். ஊதும் காற்று ஒரே திசையில் தாரையாகப் போகிறது. ஊதும் குழாயின் குறுக்களவைப்போல் 30 மடங்கு தூரத்திலும் அதன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். உறிஞ்சும் வாயோ எல்லாப் பக்கமிருந்தும் இழுக்கிறது. ஒரே ஒரு குறுக்களவு தள்ளிப் போனாலே வேகம் பத்தில் ஒன்றுக்கும் கீழே விழுந்துவிடும். 100 மி.மீ. குழாயை வேலை நடக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, மோட்டார் சத்தத்தைக் கேட்டு மனநிறைவு அடைகிறவர்கள் நிறைய உண்டு. குதிரைத்திறனைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. வாயை அருகே கொண்டுவர வேண்டும், அல்லது தூள் உண்டாகும் இடத்தையே மூட வேண்டும்.

இந்த இடத்தில் டிரம் சாண்டருக்கு நல்ல மதிப்பெண் போடலாம். அதன் உருளை மூடிக்குள் சுற்றுகிறது. தூளை எறியும் திசையும் ஒன்றே. கையில் பிடித்துத் தேய்க்கும் கருவிகளைவிட அதிகத் தூளை உண்டாக்கினாலும், பிடிப்பதற்கு வசதியானது. அதற்குத் தேவையான காற்றைக் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. 16 அங்குல இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 600 கன அடி வரை கேட்பார்கள். மரத்தூள் குழாயில் படியாமல் ஓட நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் 100 மி.மீ. குழாயில் போகும் காற்று நிமிடத்துக்கு 330 கன அடிதான். குழாயை 150 மி.மீ. ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு. பிறகு அந்த நெகிழ்குழாய். உள்ளே வளையம் வளையமாக இருப்பது காற்றை உரசிப் பிடித்து நிறுத்தும். இணைப்புக்கு ஒரு முழம் போதும், மீதி வழவழப்பான குழாயாக இருக்கட்டும்.

உறிஞ்சிய காற்றிலிருந்து தூளைப் பிரிக்கும் வேலையில் அழகானது சைக்ளோன். காற்று கூம்புக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 20 செ.மீ. ஆரத்தில் சுழலும் துகள்மேல் மையவிலக்கு விசை புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு. காற்று திரும்பிவிடும், துகளால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாது, சுவரில் மோதிக் கீழே தொட்டியில் விழும். அசையும் பாகம் ஒன்றும் கிடையாது. 1970-களில் ஜேம்ஸ் டைசன் ரம்ப ஆலைக் கூரைமேல் நின்ற இப்படியொரு கூம்பைப் பார்த்துத்தான் பையில்லாத வாக்குவம் கிளீனரை யோசித்தார்; 5,127 மாதிரிகள் செய்ததாகக் கணக்குச் சொல்கிறார்.

சைக்ளோனையும் ஏமாற்றிவிடும் நுண்தூளுக்கு வடிகட்டி வேண்டும். மலிவான இயந்திரங்களோடு வரும் துணிப்பை இந்த விஷயத்தில் பச்சைத் துரோகம். தரையில் கிடக்க வேண்டிய பெருந்தூளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நுண்தூளை மட்டும் சலித்து அறைக்குள் தெளிக்கும். அதற்குப் பதில் மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி, முடிந்தால் ஹெப்பா. ஹெப்பாவை 0.3 மைக்ரான் துகளில் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய துகள் நேராகப் போய் இழையில் முட்டிக்கொள்ளும். 0.1 மைக்ரானுக்குக் கீழே போனால், காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து, துகள் அங்குமிங்கும் அலைந்து ஏதாவதொரு இழையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நழுவக்கூடியது. அதிலேயே 99.97 சதவீதம் பிடிபட்டால், அதைவிடச் சிறியதைப் பற்றிக் கவலை இல்லை.

இனி தீ. 2012 ஜனவரி 20 அன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பர்ன்ஸ் லேக் என்ற சிற்றூரின் ரம்ப ஆலை வெடித்தது. மூன்று மாதம் கழித்து ஏப்ரல் 23 அன்று பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் இன்னோர் ஆலை. இரண்டிலுமாக நான்கு பேர் இறந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அப்போது அங்கே அறுக்கப்பட்டது, வண்டு தாக்கி நின்ற நிலையிலேயே செத்து உலர்ந்துபோன பைன். அதன் தூள் வழக்கத்தைவிட நுண்மையாகவும் காய்ந்தும் இருந்தது. காற்றில் ஒரு கன மீட்டருக்கு சுமார் 40 கிராம் மரத்தூள் கலந்து, மூடிய இடத்தில் பொறியும் கிடைத்தால் வெடிக்கும். அவ்வளவு அடர்த்தியில் கைக்கெட்டும் தூரமே தெரியாது, அங்கே யார் நிற்பார் என்று கேட்கலாம். மிதப்பது தேவையில்லை, படிந்திருந்தாலே போதும். தரையிலும் உத்தரத்திலும் 1 மி.மீ. படிந்த தூள், கன மீட்டருக்கு 200 கிலோ என்ற தளர்வான அடர்த்தியில் பார்த்தாலும், 3 மீட்டர் உயர அறை முழுவதும் கிளம்பினால் கன மீட்டருக்கு 67 கிராம் ஆகிவிடும். ஆலைகளில் முதல் சிறு வெடிப்பு படிந்ததைக் கிளப்பும். இரண்டாவது வெடிப்புதான் கட்டடத்தைத் தூக்கும்.

வீட்டுப் பட்டறையில் இது மிக அரிது. நடக்கக்கூடியது வேறு. பழைய மரத்தை மீட்டு எடுத்துத் தேய்க்கிறோம். உள்ளே ஒடிந்த ஆணி ஒன்று இருக்கிறது. நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் தாள் அதை உரசுகிறது. பொறி நேராக உறிஞ்சுகுழாய் வழியே, விசிறி ஊதிவிட, தூள் நிறைந்த பைக்குள் போகிறது. உடனே எரியாது. சுடரில்லாமல் கனன்றுகொண்டே இருந்து, வீடு தூங்கியபின் புகைய ஆரம்பிக்கும். ஆகவே பழைய மரத்தை உருளைக்குள் விடுமுன் காந்தத்தால் ஒருமுறை தடவிப் பார்ப்பதும், அன்றன்றைய தூளை அன்றன்றே மூடியுள்ள தகரத் தொட்டியில் கொட்டி வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும் பழக்கமாக வேண்டும்.

அந்தத் தொட்டி நிறைந்ததும் தோட்டத்துக்குப் போகலாமா? வெறும் மரத்தின் தூளென்றால் மக்கும், ஆனால் மெதுவாக. அதில் கரி மிக அதிகம், நைட்ரஜன் மிகச் சொற்பம். மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் செடி வெளிறும்; சாணமோ பச்சைத்தழையோ தாராளமாகச் சேர்க்க வேண்டும். எம்டிஎஃப், பிளைவுட் தூளில் ஃபார்மால்டிஹைடு பிசின் இருக்கிறது, அது குப்பைக்குத்தான். அமெரிக்கப் பட்டறைகளில் இன்னொரு விதியும் உண்டு: கறுப்பு வால்நட் தூளையும் சீவலையும் குதிரை லாயத்துக்குப் படுக்கையாகக் கொடுக்கக்கூடாது. அதன்மேல் நின்றாலே போதும், சில மணி நேரத்தில் குதிரையின் குளம்புக்குள் அழற்சி கண்டு நொண்டத் தொடங்கிவிடும்.